தொடக்கநிலைத் தொழில்நுட்ப முக்குளிப்பின் வரம்புகள்

தொடக்கநிலைத் தொழில்நுட்ப முக்குளிப்பு என்பது பொழுதுபோக்கு ஸ்கூபா முக்குளிப்பின் எல்லையாகிய 40 மீட்டர் ஆழத்தையும், இடைநிறுத்தமின்றி நேரே மேலேறக்கூடிய கால வரம்பையும் கடக்க விரும்புவோருக்கு அளிக்கப்படும் முதற்படிப் பயிற்சியாகும். இப்பயிற்சியை முடித்தவர் பெறும் சான்றிதழ் அட்டையில் ஓர் ஆழ எண் இருக்கும். பெரும்பாலும் அது 40, 45 அல்லது 50 மீட்டர் ஆகும். அவ்வெண் முக்குளிப்பாளரின் துணிவையோ நீச்சல் திறனையோ அளப்பதன்று. அவர் எந்த வளிமத்தைச் (வாயுவைச்) சுவாசிக்கிறார், அதை எவ்வளவு கொண்டு செல்கிறார், ஒரு கருவி பழுதானால் மற்றொன்று கையில் உள்ளதா என்னும் மூன்று கேள்விகளின் விடையே அவ்வெண்.

தமிழ் பேசும் பகுதிகளில் இவ்வரம்புகளின் பொருளைத் தெளிவாகக் காட்டும் இடம் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் ஹெர்மீஸ் என்னும் வானூர்தி தாங்கிக் கப்பலாகும். அது ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில் உள்ளது. தொடக்கநிலை அட்டைகள் பலவற்றின் எல்லைக்குச் சற்றே அப்பால் அது அமைந்திருப்பது, இத்துறையைக் கற்போருக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகிறது.

பின்னணி

கடல்நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார் கூடுகிறது. நீர்மட்டத்தில் 1 பார் உள்ள அழுத்தம் 10 மீட்டரில் 2 பார், 40 மீட்டரில் 5 பார், 53 மீட்டரில் 6.3 பார் ஆகும். முக்குளிப்பாளர் சுவாசிக்கும் வளிமமும் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திலேயே நுரையீரலை அடைகிறது. இதனால் கூடுதல் நைட்ரஜன் குருதியிலும் திசுக்களிலும் கரைகிறது. விரைந்து மேலேறினால், சோடாப் புட்டியைத் திறந்ததும் குமிழ்கள் எழுவதுபோல, கரைந்த நைட்ரஜன் உடலுக்குள் குமிழ்களாக வெளிப்படும். இதுவே அழுத்தத் தளர்வு நோய் எனப்படுகிறது. மூட்டுவலி, தோல் அரிப்பு முதல் பக்கவாதம், இறப்பு வரை இதன் விளைவுகள் அமையலாம். 1908ஆம் ஆண்டில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்பவரும் அவருடைய துணைவர்களும் படிப்படியாக நின்று மேலேறும் அட்டவணைகளை வெளியிட்டனர். இன்றைய கைக்கணினிகளின் கணக்கீடு அந்த அடிப்படையிலிருந்து வளர்ந்ததே.

பொழுதுபோக்கு முக்குளிப்பில் சிக்கல் ஏற்பட்டால் எந்நேரமும் நேரே மேலே வந்துவிடலாம் என்பது அடிப்படை விதி. 40 மீட்டரில் காற்றைச் சுவாசிப்பவருக்கு இந்த உரிமை சுமார் 10 நிமிடங்களே கிடைக்கும். அதன்பின் அவர் குறிப்பிட்ட ஆழங்களில் நின்று நின்றே வரவேண்டும். அப்போது அவர் தலைக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை இருப்பதாகக் கருத வேண்டும். தொழில்நுட்ப முக்குளிப்பு தொடங்கும் இடம் இதுவே. ஆழத்தை விட இந்தக் கூரையே முதன்மையான வேறுபாடாகும். இப்பெயர் 1990களின் தொடக்கத்தில் மைக்கேல் மெண்டுனோ நடத்திய அக்வாகார்ப்ஸ் என்னும் இதழின் வழியே பரவியது.

வளிம வரம்புகள்

ஆக்சிஜன் உயிர்வளியாயினும் அழுத்தம் கூடும்போது நஞ்சாகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு அறிவியலாளர் பால் பேர் இதை விளக்கினார். நீரடியில் இது முன்னறிவிப்பின்றி வலிப்பை உண்டாக்கலாம். வலிப்பு கரையில் ஆளைக் கொல்வது அரிது. நீருக்குள் வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவிவிடுவதால் மூழ்கி இறக்க நேரிடும். ஆகவே ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் அடியில் இயங்கும்போது 1.4 பாரையும், மேலேறும் வழியில் அசையாமல் நிற்கும்போது 1.6 பாரையும் மிஞ்சலாகாது என்பது பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட அளவாகும்.

இவ்விரு எண்களிலிருந்தே ஒவ்வொரு கலவைக்கும் உரிய மிகக்கூடிய ஆழம் கிடைக்கிறது. 1.4ஐக் கலவையிலுள்ள ஆக்சிஜன் பங்கால் வகுத்து, ஒன்றைக் கழித்து, பத்தால் பெருக்கினால் மீட்டரில் விடை வரும். 32 விழுக்காடு ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸ் கலவைக்கு இது ஏறத்தாழ 33 மீட்டர். 28 விழுக்காட்டுக் கலவைக்குச் சரியாக 40 மீட்டர். மேலேறும்போது பயன்படும் 50 விழுக்காட்டுக் கலவைக்கு 1.6 பார் அளவில் 22 மீட்டர் வரும். நடைமுறையில் 21 மீட்டர் என்று கொள்வர். தூய ஆக்சிஜனுக்கு 6 மீட்டர் மட்டுமே.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆக்சிஜன் மிகுந்த கலவை அழுத்தத் தளர்வை விரைவுபடுத்துகிறது. ஆனால் அதே சிலிண்டரை ஆழத்தில் தவறுதலாக வாயில் வைத்தால் உயிர் போகும். 50 விழுக்காட்டுக் கலவையை 53 மீட்டரில் சுவாசித்தால் ஆக்சிஜன் அழுத்தம் 3.15 பார் ஆகிவிடும். அதாவது ஏற்கத்தக்க அளவைப் போல இரு மடங்கு. எனவேதான் தொடக்கநிலைப் படிப்புகளில் வளிம மாற்றப் பயிற்சி சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப நடத்தப்படுகிறது. சிலிண்டரின் மேல் அதன் மிகக்கூடிய ஆழத்தைப் பெரிய எழுத்தில் ஒட்டுதல், ஆழத்தைப் பார்த்தல், குழாயைக் கையால் தடவி அது எந்தச் சிலிண்டரிலிருந்து வருகிறது என உறுதிசெய்தல், துணைவர் அதைச் சரிபார்த்தல் ஆகியவை எல்லாம் இந்த ஒரு தவற்றைத் தடுப்பதற்கே.

நைட்ரஜன் வேறு வகையில் தடுக்கிறது. ஏறத்தாழ 30 மீட்டருக்குக் கீழே அது கள்ளுண்டவர்போல் அறிவை மழுக்கத் தொடங்கும். இதை நைட்ரஜன் மயக்கம் என்பர். பழகிவிட்டால் மயக்கம் வராது என்று சிலர் நம்புவர். பழக்கத்தால் குறைவது மயக்கத்தின் உணர்வே. பிழை செய்யும் வாய்ப்பு குறைவதாகக் கொள்ள முடியாது. ஹீலியத்தைக் கலந்து நைட்ரஜனின் பங்கைக் குறைத்தால் மயக்கம் தணியும். ஆக்சிஜன், நைட்ரஜன், ஹீலியம் மூன்றும் சேர்ந்த கலவை டிரைமிக்ஸ் எனப்படுகிறது.

மூன்றாவது வரம்பு வளிமத்தின் அடர்த்தி. இது பழைய பாடநூல்களில் அதிகம் பேசப்படவில்லை. நீர்மட்டத்தில் ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.3 கிராம். அழுத்தம் கூடும் அளவுக்கு அதுவும் கூடும். அடர்ந்த வளிமத்தை இழுத்து விடுவது கடினமாவதால் நுரையீரலில் கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறது; அது மயக்கத்தையும் ஆக்சிஜன் நஞ்சையும் ஒருசேர மிகுவிக்கிறது. கேவின் அந்தோணி, சைமன் மிட்செல் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில் லிட்டருக்கு 5.2 கிராமை விரும்பத்தக்க எல்லையாகவும், 6.2 கிராமை மீறக்கூடாத எல்லையாகவும் பரிந்துரைத்தனர். காற்று முதல் எல்லையை 30 மீட்டரை ஒட்டியும், இரண்டாவதை 40 மீட்டரை எட்டுமுன்னும் தொட்டுவிடுகிறது. பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு முன்பே வகுத்திருந்த 40 மீட்டர் எல்லைக்கு இவ்வாறு புதியதொரு காரணமும் கிடைத்தது எனலாம்.

நிறுவனங்கள் வகுத்த எல்லைகள்

சான்றிதழ் வழங்குபவை தனியார் பயிற்சி நிறுவனங்களே. ஒவ்வொன்றும் தன் போக்கில் எல்லை வகுத்துள்ளது.

பேடி நிறுவனத்தின் டெக் 40 என்னும் முதற்படிப்பு 40 மீட்டர் ஆழத்தையும், மொத்தம் 10 நிமிடத்துக்கு மேற்படாத இடைநிறுத்தத்தையும் அனுமதிக்கிறது. மேலேறும்போது 50 விழுக்காடு வரை ஆக்சிஜன் உள்ள கலவையைப் பயன்படுத்தலாம். ஆனால் நேரத்தைச் சுருக்க அன்று, கூடுதல் பாதுகாப்புக்கு மட்டும். அடுத்த டெக் 45 படிப்பில் 45 மீட்டர் வரை சென்று, ஒரு சிலிண்டரில் தூய ஆக்சிஜன் வரையிலான கலவையைக் கொண்டு இடைநிறுத்த நேரத்தைச் சுருக்கலாம். டெக் 50 படிப்பில் இரண்டு கலவைகளுடன் 50 மீட்டர் செல்லலாம். இம்மூன்றிலும் ஹீலியம் கட்டாயமன்று.

1994இல் தொடங்கப்பட்ட டி.டி.ஐ. நிறுவனம் நைட்ராக்ஸ் மேற்படிப்பை 40 மீட்டருக்கும், அழுத்தத் தளர்வு முறைகள் என்னும் படிப்பை 45 மீட்டருக்கும் வரையறுக்கிறது. 45 மீட்டர் வரை ஓரளவு ஹீலியம் கலந்த ஹெலிட்ராக்ஸ் படிப்பும் உண்டு. இதன் அடுத்த படியில் காற்றையே சுவாசித்து 55 மீட்டர் வரை செல்லும் படிப்பு ஒன்றும் உள்ளது. பிரித்தானிய சப்-அக்வா கிளப் காற்றுக்கு 50 மீட்டரை எல்லையாக வைத்துள்ளது. இவற்றுக்கு நேர்மாறாக, 1998இல் ஜாரட் ஜப்லான்ஸ்கி முதலியோரால் அமைக்கப்பட்ட ஜி.யூ.இ. நிறுவனம் 30 மீட்டருக்குக் கீழே ஹீலியம் இன்றிச் செல்வதை ஏற்பதில்லை. அதன் முதல் தொழில்நுட்பப் படிப்பின் எல்லை 51 மீட்டர். மேலேற ஒரே ஒரு கலவை.

ஒரே கடல், ஒரே மனித உடல். எனினும் ஒரு நிறுவனம் காற்றுடன் 55 மீட்டர் அனுமதிக்க, மற்றொன்று 31 மீட்டரிலேயே ஹீலியம் கேட்கிறது. ஆகையால் அட்டையிலுள்ள ஆழ எண்ணை மட்டும் ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். அவ்வெண்ணுடன் எந்த வளிமம் சேர்க்கப்பட்டுள்ளது என்பதையும் பார்க்க வேண்டும்.

கருவிகள்

இடைநிறுத்தம் கட்டாயமானபின் எந்தக் கருவியும் ஒன்றாக இருக்கலாகாது. முதுகில் இரட்டைச் சிலிண்டர்கள், அவற்றை இணைக்கும் குழாய், நடுவே இரண்டையும் பிரிக்கும் அடைப்பான், தனித்தனி முதல்நிலை கொண்ட இரு ரெகுலேட்டர்கள் ஆகியவை அடிப்படை. ஒன்றிலிருந்து காற்று பீறிட்டால் முக்குளிப்பாளர் கையைத் தலைக்குப் பின் கொண்டுசென்று உரிய வால்வை மூட வேண்டும். மீதி வளிமம் காக்கப்படும். இரட்டைச் சிலிண்டரின் பயன் அளவு மட்டுமே என்று எண்ணுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். தோள் இறுக்கத்தால் அந்த வால்வை எட்ட முடியாதவர்கள் சிலிண்டர்களைப் பக்கவாட்டில் கட்டும் முறையைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

ரெகுலேட்டர்களில் ஒன்று ஏறத்தாழ 2 மீட்டர் நீளக் குழாயில் அமையும். வளிமம் தீர்ந்த துணைவருக்கு அதையே கொடுப்பர். நீளம் இருப்பதால் குறுகிய இடத்திலும் ஒருவர் பின் ஒருவராக வெளியேறலாம். இவற்றுடன் இரண்டு கணினிகள் அல்லது ஒரு கணினியும் எழுதிய அட்டவணையும், மேற்பரப்புக்கு அனுப்பும் மிதவையும் சுருள்நூலும், வலை அறுக்கும் கத்தியும் தேவை. நம் கடல்களில் கைவிடப்பட்ட மீன்வலைகள் மூழ்கிய கப்பல்களின் மேல் போர்த்திக் கிடப்பது வழக்கமாதலால் இறுதியில் சொன்ன கத்தியைச் சிறு பொருளாகக் கருதலாகாது.

ஆக்சிஜன் 40 விழுக்காட்டுக்கு மேல் உள்ள வளிமத்தைத் தொடும் சிலிண்டர், வால்வு, ரெகுலேட்டர் யாவும் எண்ணெய்ப்பசை நீக்கித் தூய்மை செய்யப்பட்டிருக்க வேண்டும். உயரழுத்த ஆக்சிஜன் எண்ணெயுடன் சேர்ந்தால் தீப்பற்றும். சிலிண்டரில் உள்ள கலவையை நிரப்பியவர் சொன்னபடி ஏற்காமல், சுவாசிக்கப் போகிறவரே அளவுமானி கொண்டு சோதித்துக் குறிக்க வேண்டும் என்பதும் எல்லா நிறுவனங்களும் ஒப்பும் விதி.

எடுத்துக்காட்டு: ஹெர்மீஸ்

எச்.எம்.எஸ். ஹெர்மீஸ் தொடக்கத்திலிருந்தே வானூர்தி தாங்கியாக வடிவமைக்கப்பட்ட கப்பல்களுள் முதலாவதாகும். 1919இல் நீரில் இறக்கப்பட்டு 1924இல் பிரித்தானியக் கடற்படையில் பணியேற்றது. அதற்குள் ஜப்பானின் ஹோஷோ 1922இல் முந்திக்கொண்டது. இரண்டாம் உலகப்போரில், 1942 ஏப்ரல் 9 அன்று, திருகோணமலையிலிருந்து வெளியேறித் தெற்கு நோக்கிச் சென்ற ஹெர்மீஸை ஜப்பானிய வானூர்திகள் மட்டக்களப்புக்கு அப்பால் தாக்கி மூழ்கடித்தன. அப்போது அதில் வானூர்தி ஏதும் இல்லை. 307 பேர் இறந்தனர். உயிர் பிழைத்தோரில் பெரும்பாலோரை வீட்டா என்னும் மருத்துவமனைக் கப்பல் மீட்டது. இறந்தோர் பலருக்கு அக்கப்பலே கல்லறை என்பதை அங்கு இறங்குவோர் நினைவில் கொள்ளவேண்டும்.

அதே நாளில் மூழ்கிய பிரித்தானிய எண்ணெய்க் கப்பலான பிரிட்டிஷ் சார்ஜன்ட், கல்குடாவுக்கு அருகே 24 மீட்டர் அளவு ஆழத்தில் உள்ளது. சாதாரணப் பொழுதுபோக்கு முக்குளிப்பாளர் அதைப் பார்த்து வரலாம். ஹெர்மீஸ் அவ்வாறன்று.

53 மீட்டரில் காற்றின் ஆக்சிஜன் அழுத்தம் 1.32 பார் மட்டுமே, அது 1.4ஐ மிஞ்சவில்லை. இதனால் காற்றே போதும் என்று தோன்றும். 55 மீட்டர் அட்டை உடையவருக்கு விதியும் இடம் தருகிறது. ஆனால் அங்கே காற்றின் அடர்த்தி லிட்டருக்கு 8 கிராமை எட்டுகிறது, மீறக்கூடாத எல்லையை விட மிக அதிகம். மயக்கமும் முழு அளவில் இருக்கும். 18 விழுக்காடு ஆக்சிஜனும் 45 விழுக்காடு ஹீலியமும் கொண்ட டிரைமிக்ஸைப் பயன்படுத்தினால் அடர்த்தி சுமார் 5 கிராமாகவும், மயக்கம் காற்றில் 25 மீட்டர் இறங்கியதற்கு ஒப்பாகவும் குறையும். ஆகவே அட்டையின் எண் அனுமதிப்பதை வளிமத்தின் கணக்கு மறுக்கும் இடமாக ஹெர்மீஸ் விளங்குகிறது. தடை விலையில் உள்ளது. இந்தியாவும் இலங்கையும் ஹீலியத்தை இறக்குமதி செய்கின்றன. ஒரு முறை நிரப்பும் செலவு காற்றைப் போலப் பன்மடங்கு.

இனி அளவைப் பார்க்கலாம். நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் 53 மீட்டரில் 126 லிட்டர் செலவிடுவார். 11 லிட்டர் கொள்ளளவுள்ள ஒற்றைச் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பினால் 2,200 லிட்டர் கிடைக்கும். அது 18 நிமிடத்துக்குள் வெறுமையாகும். இரட்டை 12 லிட்டர் சிலிண்டர்களில் 4,800 லிட்டர் உண்டு. 20 நிமிடம் அடியில் இருக்க 2,520 லிட்டரும், 21 மீட்டர் வரை மேலேற ஏறத்தாழ 380 லிட்டரும் வேண்டும். இத்துடன், அடியில் துணைவரின் வளிமம் முற்றிலும் தீர்ந்துபோனால் இருவரும் பதற்றத்தில் தலா 30 லிட்டர் சுவாசித்தபடி 21 மீட்டரை அடைய ஏறத்தாழ 1,500 லிட்டர் ஒதுக்க வேண்டும். கூட்டினால் 4,400. மிச்சம் 400 லிட்டரே. கடல் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினால் அதுவும் கரைந்துவிடும். அதற்கு மேல் 21 மீட்டரிலிருந்து ஏறத்தாழ அரை மணி நேர இடைநிறுத்தத்துக்குத் தனிச் சிலிண்டர் ஒன்று. தொடக்கநிலை அட்டை ஏன் 45இல் நிற்கிறது என்பதற்கு இந்தக் கூட்டல் கணக்கை விடச் சிறந்த விளக்கம் வேண்டியதில்லை.

மன்னார் வளைகுடாவின் குளியாட்கள்

தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு முக்குளிப்பு புதிதன்று. தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள முத்துப் பார்களில் கல்லைக் காலில் பிணைத்து மூச்சடக்கிக் குளித்தவர்களின் மரபு நீண்டது. அங்கே முத்துக்குளிப்பு கடைசியாக 1961இல் நடைபெற்றது. ஒரே மூச்சில் சென்று திரும்பியதால் ஒரு முறையில் அவர்கள் உடலில் கரையும் நைட்ரஜன் மிகக் குறைவு.

சங்கு குளிப்போர் பின்னர் படகில் வைத்த காற்றழுத்தியிலிருந்து நீண்ட குழாய் வழியே காற்றைப் பெறத் தொடங்கியபோது நிலைமை மாறியது. ஆழம் அதே 10 முதல் 20 மீட்டர் அளவுதான். ஆனால் மணிக்கணக்கில் அடியில் இருக்க முடிந்தது. அட்டவணை இல்லை, கணினி இல்லை, மாற்று வளிமம் இல்லை. எந்திரத்தின் புகை காற்றழுத்தியின் வாயில் புகுந்தால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து கீழிறங்கும். குழாய் அறுந்தால் அதுவே முடிவு. பொழுதுபோக்குக்காக 40 மீட்டர் செல்பவரிடம் இரண்டு கணினியும் இரட்டை ரெகுலேட்டரும் கேட்கும் உலகில், பிழைப்புக்காக நாள்தோறும் இறங்குபவருக்கு இவற்றில் ஒன்றும் கிட்டவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

மலைப்பகுதிக்குச் செல்லுதல்

அழுத்தத்தின் கணக்கு கரையேறியவுடன் முடிவதில்லை. உயரமான இடத்தில் காற்றழுத்தம் குறைவாதலால், உடலில் எஞ்சியுள்ள நைட்ரஜன் அங்கே குமிழ்களாகலாம். காலையில் புதுச்சேரிக் கடலில் முக்குளித்தவர் விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை வழியாகக் கள்ளக்குறிச்சியை அடைவது வரை நிலம் பெரிதும் உயர்வதில்லை. ஆனால் அங்கிருந்து கச்சிராயப்பாளையம் தாண்டிக் கல்வராயன் மலையேறி வெள்ளிமலைப் பக்கம் சென்றால் சில மணி நேரத்துக்குள் 2,000 முதல் 3,000 அடி உயரத்தை அடைகிறார். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பு 2002இல் நடத்திய கருத்தரங்கில் வகுக்கப்பட்ட, வானூர்திப் பயணத்துக்கான காத்திருப்பு நேரங்கள் 2,000 முதல் 8,000 அடி உயர அழுத்தத்துக்கே உரியவை. கல்வராயன் மலை அதன் கீழ்விளிம்பில் வருகிறது. இடைநிறுத்தம் தேவைப்படாத ஒரே முக்குளிப்புக்குப் பின் 12 மணி நேரம், பல முறை அல்லது பல நாள் முக்குளித்தால் 18 மணி நேரம், இடைநிறுத்தத்துடன் முக்குளித்தவருக்கு 18 மணிக்கும் கணிசமாகக் கூடுதலான நேரம் என்று அது கூறுகிறது. தொழில்நுட்ப முக்குளிப்பாளர் மூன்றாம் வகையைச் சேர்ந்தவர். மலைச்சாலையில் மூட்டுவலியோ கைகால் மரமரப்போ தோன்றினால், மேலே செல்லாமல் உடனே கீழிறங்கி, தூய ஆக்சிஜன் அளித்து, அழுத்த அறை வசதியுள்ள மருத்துவமனையை நாட வேண்டும்.